மிஸ்டர் ப்ரூவெட்டின் துப்பாக்கி

பிப்ரவரிக்குப் பிறகு அந்தத் துப்பாக்கியை யாரும் தொடவில்லை. கதவுக்கு மேலே இரண்டு மரமுளைகளில், ஹெட்டி எப்படி வைத்தாளோ அப்படியே கிடந்தது. லைமன் விட்காம் தினமும் அதன் அடியில் போய் வந்தான். அண்ணாந்து பார்க்க மாட்டான். பார்க்காமலே அது அங்கே இருப்பது தெரியும்.

துப்பாக்கிக்குள் தோட்டாக்கள் இருந்தன. ஹெட்டி போட்டவை.

அவளுடைய மற்ற சாமான்களும் வீட்டில் இருக்கத்தான் செய்தன. சீப்பு, குளிர்கோட்டு, கணுக்காலில் சேறு காய்ந்த பூட்ஸ். அவை எல்லாம் அவள் எப்போதோ செய்து முடித்துவிட்ட காரியங்கள். சீவி முடித்துவிட்டாள், நடந்து முடித்துவிட்டாள். தோட்டாக்கள் அப்படி இல்லை. அவள் தொடங்கி வைத்து இன்னும் முடியாமல் இருந்த காரியம் அந்த வீட்டில் அது ஒன்றுதான்.

அந்த வகைத் துப்பாக்கியின் பக்கவாட்டில் ஒரு சின்ன மூடி உண்டு. கட்டைவிரலால் தோட்டாவை அதில் வைத்து அழுத்த வேண்டும். ஒவ்வொன்றும் முந்தியதைத் தள்ளிக்கொண்டு குழலுக்கு அடியிலுள்ள நீளக் குழாய்க்குள் போகும். கடைசியாக உள்ளே போனதுதான் முதலில் வெளியே வரும். வரவேண்டுமென்றால் அடியிலுள்ள லீவரைக் கீழே தள்ளி மேலே இழுக்க வேண்டும். போன வழியே திரும்பி வராது. லீவரை ஒரு முறை அசைத்தால் ஹெட்டி வைத்த வரிசை கலைந்துவிடும். அதனால் லைமன் அதை அசைக்கவில்லை. ஓநாய் வந்து கன்றைத் தூக்கிப்போன அன்றுகூடப் பழைய ஒற்றைக்குழல் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு ஓடினானே தவிர, கதவுக்கு மேலே கை போகவில்லை. பழையது குறி தவறியது. கன்று போயிற்று.

உள்ளே எத்தனை தோட்டா இருக்கிறது என்று அவனுக்குத் தெரியாது. அவள் அவற்றைப் போட்டபோது அவன் அதே மேசையில் எதிரே உட்கார்ந்திருந்தான். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. ஹெட்டி பித்தளைக் கூடுகளில் வெடிமருந்தை அளந்து கொட்டி, ஈயக் குண்டை வைத்து இறுக்கி, குண்டுக்குப் பூசியதில் விரலில் ஒட்டிய கொழுப்பை ஏப்ரனில் துடைத்துக்கொண்டிருந்தாள். அவன் யாரோ ஒருவருடைய நிலத்துக்கு வரைபடம் போட்டுக்கொண்டிருந்தான். பிறகு துப்பாக்கி மூடியின் சத்தம் கேட்டது. ஒரு சின்னச் சொடுக்கு. இன்னொன்று. இன்னொன்று. அவன் தலையை நிமிர்த்தவில்லை. கோடு கோணிவிடும்.

மறுநாள் அவளுக்கு இருமல் வந்தது. ஒரு வாரத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அந்தத் துப்பாக்கி அந்தப் பக்கத்தில் எல்லாருக்கும் தெரிந்த ஒன்று. மொன்டானா முழுவதும் தேடினாலும் அப்படி வேறொன்று அகப்படாது என்று சொல்வார்கள். ஹெட்டிக்குப் பத்தொன்பது வயதானபோது, ஜூலை நாலாம் தேதிச் சுதந்திர தினக் கொண்டாட்டத்தில், மாட்டுக்காரர் சங்கம் குறிசுடும் போட்டிக்குப் பரிசாக அதைக் கிழக்கேயிருந்து வரவழைத்தது. ஒரு பக்கம் கொம்பு விரித்து நிற்கும் மான். அதன் ரோமம்கூட ஒவ்வொன்றாகச் செதுக்கியிருந்தது. மறுபக்கம் முழங்காலிட்டுக் குறிபார்க்கும் ஒரு வேட்டைக்காரன், காது வரை போகும் மீசையோடு. அவன் காலடியில் ஜெயித்தவர் பெயருக்காக ஒரு வெற்றிடம். ஹெட்டி அண்ணனின் கால்சட்டையைப் போட்டுக்கொண்டு போய்ச் சுட்டாள். ஜெயித்தாள். பெயர் வெட்ட உட்கார்ந்த கடிகாரக்காரர் நல்ல குடிபோதையில் இருந்தார். யார் ஜெயித்தது என்று கேட்டார். ப்ரூவெட் வீட்டுப் பையன் என்று எவனோ சொன்னான். அவர் அழகாக, சுழி சுழியாக, ‘மிஸ்டர் எச். ப்ரூவெட்’ என்று வெட்டிக் கொடுத்துவிட்டார்.

மாற்றித் தருகிறேன் என்று மறுநாள் தலையைப் பிடித்துக்கொண்டு வந்து கெஞ்சியிருக்கிறார். ஹெட்டி கொடுக்கவில்லை. அன்றிலிருந்து அவள் பெயரே மிஸ்டர்தான். ஒஹையோவில் கல்லூரிப் படிப்பை முடித்து, நிலம் அளக்கும் கருவிகளோடு லைமன் அங்கே வந்து இறங்கியபோது, மிஸ்டர் ப்ரூவெட்டைப் போய்ப் பார், அவருக்கு எல்லா எல்லைக் கல்லும் தெரியும் என்று அனுப்பி வைத்தார்கள். அவன் தொப்பியைக் கழற்றிக்கொண்டு ஒரு கிழவரை எதிர்பார்த்துப் போனான்.

கல்யாணத்துக்குப் பிறகு அவள் வேட்டைக்காரனைக் காட்டிச் சொல்வாள்: “இவரு உனக்கு முன்னாடியே வந்துட்டாரு. மீசையப் பாத்தியா? நீ ரெண்டாந்தாரம்தான்.”

அவனும் அவளை மிஸ்டர் என்றேதான் கூப்பிட்டான். அடக்கத்தின்போது பாதிரியார் மிசஸ் விட்காம், மிசஸ் விட்காம் என்று சொல்லிக்கொண்டே போனார். யாரைச் சொல்கிறார் என்று அவனுக்குச் சற்று நேரம் பிடிபடவில்லை.

மே மாதத்தில் ஒரு மத்தியானம் நெல்ஸ் டோர்பெக் வந்தான். ஓடைக்கு அந்தப் பக்கத்துப் பண்ணைக்காரன். லைமனைவிடப் பதினைந்து வயது மூத்தவன், இரண்டு மடங்கு அகலம். குதிரையை விட்டு இறங்குமுன்பே பேச ஆரம்பித்துவிடுவான்.

“வாத்தியாரே! உயிரோட இருக்கியா?”

“இருக்கேன்.”

“பாத்தா தெரியலையே. இது என்ன, தாடியா? எங்க வீட்டுக் கெடா ஆட்டுக்கு இதவிட நல்லா வளருது.”

லைமன் காப்பி ஊற்றிக் கொடுத்தான். நெல்ஸ் ஒரு வாய் குடித்து முகத்தைச் சுளித்தான்.

“இது நேத்து போட்டதா?”

“முந்தாநேத்து.”

“அதான பாத்தேன்.” இருந்தும் குடித்தான். கோப்பையைக் கையில் உருட்டிக்கொண்டே இருந்தான். கேட்க வந்ததைக் கேட்கத் தயங்குகிறான் என்று லைமனுக்குப் புரிந்தது. நெல்ஸ் தயங்கி அவன் பார்த்ததில்லை.

“மலைச்சிங்கம் ஒண்ணு இறங்கியிருக்கு வாத்தியாரே, பூமா. பட்டியச் சுத்திச் சுத்தி வருது. என் செவலைப் பெட்டைக் குதிரைக்கு இது மாசம். இன்னைக்கோ நாளைக்கோ குட்டி போட்டுரும். ரத்த வாடைக்குத்தான் அந்தச் சனியன் காத்துக் கெடக்கு.”

“உன் துப்பாக்கி?”

“சுடுற ஊசி ஒடஞ்சுபோச்சு. டவுனுக்குத் தூக்கிட்டுப் போயி, செஞ்சு வாங்கிட்டு வர்றதுக்குள்ள பூமா என் குதிரையத் தின்னுட்டு பல்லுக் குத்திக்கிட்டு இருக்கும்.” அவன் கதவுக்கு மேலே பார்த்தான். உடனே கண்ணை எடுத்துக்கொண்டான். “மிஸ்டர் சும்மாதான இருக்காரு. ஒரு நாலஞ்சு நாளு குடுப்பியா?”

அந்தப் பக்கத்தில் அண்டைப் பண்ணைக்காரன் துப்பாக்கி கேட்டு இல்லை என்று சொல்வது, தாகத்துக்கு வந்தவனைக் கிணற்றடியிலிருந்து விரட்டுவது மாதிரி. அதுவும் நெல்ஸுக்கு. உறைந்துபோன தரையில் ஹெட்டிக்குக் குழி வெட்டியது அவன்தான். இரவெல்லாம் நெருப்புப் போட்டு மண்ணை இளக்கிவிட்டு வெட்டினான். பழைய ஒற்றைக்குழலைக் கொடுத்தால் கன்றின் கதிதான் குதிரைக்கும்.

“இரு, எடுத்துத் தர்றேன்” என்றான் லைமன்.

முளைகளிலிருந்து எடுத்தபோது கனம் முதலில் கைக்குத் தெரிந்தது. முன்பக்கம்தான் அதிகக் கனம். குழாய்க்குள் இருப்பவற்றின் கனம். அவன் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றான். விரல்கள் லீவரின் வளையத்துக்குள் போயின. இழுத்தால் ஒவ்வொன்றாக வெளியே வந்துவிடும். ஒரு டப்பாவில் போட்டு வைத்துக்கொண்டு வெறும் துப்பாக்கியைக் கொடுத்துவிடலாம். தோட்டாக்கள் அவளுடையவையாகவேதான் இருக்கும். ஆனால் அதற்குப் பிறகு அவை டப்பாவில் கிடக்கும் தோட்டாக்கள். அவள் கட்டைவிரல் தள்ளி விட்டு, இன்னும் குழாயின் சுருள்வில் அழுத்தத்தில் நின்றுகொண்டிருக்கும் தோட்டாக்கள் ஆகமாட்டா. அதைக் கலைப்பது தன் கையாகவா இருக்க வேண்டும்?

விரல்களை வெளியே எடுத்தான்.

“தோட்டா போட்டிருக்கு” என்று நெல்ஸிடம் நீட்டினான்.

“எத்தன?”

“தெரியாது.”

நெல்ஸ் வாயைத் திறந்தபடி அவனைப் பார்த்தான். சொந்தத் துப்பாக்கியில் எத்தனை இருக்கிறது என்று தெரியாத ஆளை அவன் அதுவரை பார்த்ததில்லை. “ரொம்பப் படிச்சா இப்படித்தான் ஆகும்போல” என்று முனகினான்.

“நெல்ஸ். பூமா வரலைன்னா...”

“வரலைன்னா?”

“ஒண்ணுமில்ல. கொண்டாந்து குடுத்துரு.”

“பின்ன? நானே வச்சுக்குவேனா? என்னையப் பத்தித் தெரியாதா உனக்கு!”

நெல்ஸ் வேலியைத் தாண்டி மேட்டில் ஏறி மறைந்த பிறகுதான் லைமனுக்கு உறைத்தது. அவன் பூமாவைப் பற்றி மட்டுமே யோசித்திருந்தான். வராமல் இருந்தால் போதும் என்று நினைத்திருந்தான். நெல்ஸைப் பற்றி யோசிக்கவில்லை. இரவல் வாங்கிய துப்பாக்கியை அந்த ஊரில் யாரும் அப்படியே திருப்பிக் கொடுப்பதில்லை. ஒரு வெடிகூட வெடிக்காவிட்டாலும், உள்ளே இருப்பதையெல்லாம் வெளியே எடுத்து, குழலைத் துடைத்து, எண்ணெய் போட்டு, தன் கையிலுள்ள புதுத் தோட்டாக்களை முழுக்க நிரப்பித்தான் கொடுப்பார்கள். அரைகுறையாகக் கொடுப்பவனை மனிதனாக மதிக்கமாட்டார்கள். நெல்ஸோ இந்த விஷயத்தில் ஊரையே விஞ்சியவன்.

லைமன் குதிரைக்குச் சேணம் போட்டான். ஓடைக்கரை வரை போனான். பனி உருகி ஓடை நிறைந்து போய்க்கொண்டிருந்தது. கடக்க முடியாத வெள்ளம் என்று சொல்ல முடியாது. அவன் அங்கேயே நின்று, நெல்ஸிடம் என்ன சொல்வது என்று யோசித்தான். “என் பொண்டாட்டி போட்ட தோட்டா, எடுக்காதே” என்று ஒரு முறை வாய்விட்டே சொல்லிப் பார்த்தான். குதிரை காதைத் திருப்பியது. சரி, எடுக்கவில்லை, பூமா வந்தால் எதை வைத்துச் சுடுவது என்று நெல்ஸ் கேட்பான். பெட்டைக் குதிரை போனால் போகட்டும் என்று சொல்ல வேண்டும். சொல்ல முடியாது. சொல்ல வேண்டும்போலவும் இருந்தது. அதுதான் அவனைப் பயமுறுத்தியது.

திரும்பி வந்துவிட்டான்.

அடுத்த நாட்களில் அவன் வேலைக்குப் போனான். சங்கிலியைப் பிடித்து இழுத்து நிலம் அளந்தான். கல் நட்டான். வீட்டுக்கு வந்து, நின்றபடியே டப்பாவிலிருந்து பீன்ஸ் தின்றான். இப்போது கதவைத் தாண்டும்போதெல்லாம் அண்ணாந்து பார்த்தான். இரண்டு முளைகளும் வெறுமையாக நீட்டிக்கொண்டிருந்தன. காற்று மேற்கேயிருந்து வீசினால் காது கொடுத்துக் கேட்டான். நெல்ஸின் பண்ணையிலிருந்து வெடிச் சத்தம் கேட்கும் தூரம் இல்லை அது. தெரிந்தும் கேட்டான்.

இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை, சர்ச் ஆராதனை முடிந்த நேரத்தில், டோர்பெக்கின் வண்டி முற்றத்தில் வந்து நின்றது. நெல்ஸோடு அவன் மனைவி இங்காவும் வந்திருந்தாள். மடியில் ஒரு கூடை. கூடைக்குக் குறுக்கே, வெள்ளைத் துணியில் சுற்றி, குழந்தையை வைத்திருப்பதுபோல் ஒன்றை வைத்திருந்தாள்.

“குட்டி போட்டாச்சு!” என்று வண்டியிலிருந்தே கத்தினான் நெல்ஸ். “பெட்டைக் குட்டி! நெத்தியில வெள்ளை! என்ன பேரு வச்சிருக்கோம், சொல்லு பாப்போம்?”

“தெரியல.”

“மிஸ்டர்!”

“பொட்டைக் குட்டிக்கு மிஸ்டர்னு பேரு வைக்கிற மனுசன் இவரு ஒருத்தருதான்” என்றாள் இங்கா.

“ஏன், இவன் பொண்டாட்டிக்கு வச்சாங்களே?”

“வாய மூடுங்க.” அவள் இறங்கி நேரே உள்ளே போனாள். மேசையிலிருந்த டப்பாக்களை ஒதுக்கி, கூடையிலிருந்து உருளைக்கிழங்கு ரொட்டிகளை எடுத்து அடுக்கினாள். பிறகு துணியைப் பிரித்தாள்.

துப்பாக்கி மின்னியது. லைமன் அதை அப்படிப் பார்த்ததே இல்லை. பின்கட்டை மெழுகு போட்டதுபோல் இருந்தது. செதுக்கல்களில் ஏறியிருந்த கறுப்பு முழுவதும் போயிருந்தது. மானின் ரோமம் தனித்தனியாகத் தெரிந்தது.

“மீசைக்கு மட்டும் ஊசி வச்சு அழுக்கெடுத்தேன்” என்றாள் இங்கா. “ஒரு மத்தியானம் பூரா ஆச்சு.”

“உள்ளயும் முழுசா ரொப்பியிருக்கேன்” என்றான் நெல்ஸ். “எல்லாம் புதுசு. கடைச் சரக்கு. ஒண்ணுகூடக் குறையாது, எண்ணிக்கோ.”

லைமன் உட்கார்ந்தான். “பூமா வந்துச்சா?”

“வராமயா? காலையில பால் கறக்கப் போற நேரம். வேலி மேல பூனையாட்டம் நிக்குது. ஒரே வெடிதான் வாத்தியாரே. ஒரே வெடி! அப்படியே விழுந்துச்சு. அந்தச் சத்தத்துலதான் செவலை குட்டியப் போட்டுருச்சுன்னு நினைக்கிறேன்.”

“ஒரே வெடியா?”

“ஒண்ணே ஒண்ணு.”

“மிச்சம்?”

நெல்ஸ் சிரித்தான். “அதக் கேளு. தோலப் பாக்கணும்னு போன ஞாயித்துக்கிழமை எல்லாரும் வந்துட்டாங்க. மெக்ரே அண்ணன் தம்பிங்க, அந்த ஜெர்மன்காரன், நம்ம பாதிரியாரு. வந்தவங்க தோலப் பாக்கல, மிஸ்டரத்தான் பாத்தாங்க. ஆளாளுக்கு, நான் ஒண்ணு சுடுறேன், நான் ஒண்ணு சுடுறேன்னு. ஹெட்டி நினைப்பா ஆளுக்கு ஒண்ணு சுட்டோம். பாதிரியாரு சுட்டாரு பாரு, ஆகாசத்தத் தவிர வேற எதுலயும் படல. கடைசியா இவ சுட்டா. சுட்டுட்டு அழுதா.”

“புகை கண்ணுல பட்டுருச்சு” என்றாள் இங்கா.

“எத்தன இருந்துச்சு?” என்று லைமன் கேட்டான்.

“எத்தனையா? இரு. பூமாவுக்கு ஒண்ணு. மெக்ரே ரெண்டு பேரு. பெரியவன் ரெண்டு தடவையோ? ஜெர்மன்காரன், பாதிரியாரு, இவ...” நெல்ஸ் விரல்களை மடக்கினான், நீட்டினான், மறுபடி மடக்கினான். “ஏழு. இல்ல எட்டு. எதுக்குக் கேக்குற? நான் ரொப்பிட்டேனே, அதுக்கு மேலயே.”

“கூடு?”

“கடைக்காரன்கிட்டக் குடுத்துட்டுத்தான் புதுசு வாங்குனேன்.”

லைமன் தலையை ஆட்டினான். மேசைமேல் இருந்த துப்பாக்கியின் பக்கவாட்டு மூடியைப் பார்த்துக்கொண்டிருந்தான். அங்கேகூட எண்ணெய் போட்டிருந்தார்கள். ஓரத்தில் ஒட்டியிருந்திருக்கக்கூடிய கொழுப்புக் கறையும் இல்லை.

இங்கா ரொட்டி அடுக்குவதை நிறுத்திவிட்டாள்.

“லைமன்” என்றாள் மெதுவாக. “உள்ள இருந்தது... அவ கையால போட்டதா?”

அவன் மூடியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“என்ன? என்ன ஆச்சு?” என்றான் நெல்ஸ்.

“ஹெட்டி போட்டு வச்ச தோட்டாங்க அது. அப்படியே வச்சிருந்திருக்காரு. நம்ம எல்லாத்தையும் காலி பண்ணிட்டு வந்து நிக்கிறோம்.”

நெல்ஸுக்குப் புரிய நேரம் பிடித்தது. புரிந்ததும் அந்தப் பெரிய உடம்பு நாற்காலியில் அப்படியே இறங்கியது.

“ஏன்யா சொல்லல?” என்றான். “ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேய்யா. கம்பால அடிச்சுத் தொரத்தியிருப்பேன் அந்தப் பூமாவ.”

“குட்டி நல்லாருக்கா?”

“குட்டிய விடு! நான் ஒரு முட்டாப்பய. எண்ணெய் வேற போட்டேன். நல்லாத் தொடச்சேன் வேற.” அவன் எழுந்து நின்றான், மறுபடி உட்கார்ந்தான். “என்னைய ஒரு அடி அடிச்சுரு வாத்தியாரே. இந்தா. அடி.”

“சும்மாரு நெல்ஸ்.”

“நீ அடிக்கமாட்ட. அவதான் அடிச்சுட்டா, போ.” நெல்ஸ் வலது தோளைத் தடவினான். “மருந்த என்ன அளவுல போட்டாளோ புண்ணியவதி. துப்பாக்கியா அது, கோவேறு கழுதை. உதைச்ச உதையில ஒரு வாரம் கையத் தூக்க முடியல.”

லைமன் நிமிர்ந்தான்.

“எங்க?”

“எங்கன்னா, இங்கதான். தோள்ல.”

“காட்டு.”

நெல்ஸ் மனைவியைப் பார்த்தான். அவள் கண்ணால் சொன்னாள். அவன் ஞாயிற்றுக்கிழமைச் சட்டையின் பொத்தான்களைக் கழற்றி, உள்ளே போட்டிருந்த கம்பளிப் பனியனின் பொத்தான்களையும் கழற்றி, தோளை வெளியே எடுத்தான்.

அந்தத் துப்பாக்கியின் பின்கட்டையில் பிறைபோல் வளைந்த இரும்புப் பட்டை ஒன்று உண்டு. அதே பிறை நெல்ஸின் வெள்ளைத் தோளில் பதிந்திருந்தது. நடுவில் கருநீலம். சுற்றிலும் பச்சை. ஓரங்களில் மஞ்சள் படர ஆரம்பித்திருந்தது.

கல்யாணமான புதிதில் ஹெட்டியின் தோளில் இப்படி ஒன்றைப் பார்த்து லைமன் பதறியிருக்கிறான். ஏன் இவ்வளவு மருந்து போடுகிறாய், கொஞ்சம் குறைத்துப் போடேன் என்று கெஞ்சியிருக்கிறான். குறைத்துப் போட்டால் போய்ச் சேராது, பாதி வழியில் விழுந்துவிடும் என்பாள். ஒன்று ஆறுவதற்குள் இன்னொன்று வந்துவிடும். இருட்டில் தடவினாலே எது பழசு எது புதுசு என்று அவனுக்குத் தெரியும். புதிது சூடாக இருக்கும்.

அவன் எழுந்து மேசையைச் சுற்றி வந்தான். நெல்ஸின் தோள்மேல் கையை வைத்தான்.

“வலிக்குதா?”

“தொட்டா வலிக்கும்.”

“எப்பப் போகும்?”

“இன்னும் ஒரு வாரம்” என்றாள் இங்கா. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பிறையின் மேல்முனையிலிருந்து கீழ்முனை வரை லைமனின் கட்டைவிரல் மெல்லப் போயிற்று. சூடு இல்லை. நடுவில் மட்டும், தோலுக்கு அடியில், இன்னும் கொஞ்சம் கட்டியிருந்தது. அங்கே விரலை நிறுத்தி அழுத்தினான்.

நெல்ஸ் பல்லைக் கடித்தான். லைமன் கையை எடுக்கவில்லை. நெல்ஸும் நகரவில்லை.